'ல' அடித்தால் 'ஆமாம்'

"முப்பது வருஷம் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினேன் என்கிறீர்களே, அப்படி என்னதான் எழுதுவீர்கள்?" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்பதுண்டு. கணக்கு, வட்டி, பட்டியல் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். ஆனால் என் வேலை நேரத்தில் பெரும்பகுதி கணக்கில் போகவில்லை. ஒருவர் கீபோர்டில் ஒரு விசையை அழுத்துகிறார். அந்த அழுத்தம் எங்கே போய்ச் சேரவேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் என்னவாக வேண்டும் என்று பார்ப்பதிலேயே போனது. வட்டிக் கணக்கை ஒரு நாளில் எழுதிவிடலாம். அந்தக் கணக்குக்குள் எண்களையும் பெயர்களையும் பிழையில்லாமல் கொண்டு சேர்க்கும் பகுதியை எழுத ஒரு மாதம் ஆகும்.

இதைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். என் வாசகர்களில் பாதிப்பேர் டைப்ரைட்டிங் படித்தவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்த மறுவாரமே இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, காலை ஆறு மணி பேட்ச்சில் 'யளனக' அடித்துப் பழகியவர்கள். உங்களுக்குப் புரியாமல் யாருக்குப் புரியப் போகிறது?

டைப்ரைட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தினால் அதோடு இணைந்த கம்பி எழும்பும். நுனியில் இருக்கும் அச்சு ரிப்பனில் பட்டு, காகிதத்தில் எழுத்து விழும். விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. தப்பாக விழுந்தால் அது அடித்தவருடைய தப்பு. இரண்டு கம்பிகள் சிக்கிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும், கையால் பிரித்து விடலாம்.

கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. எத்தனையாவது விசை கீழே போனது, எத்தனையாவது விசை மேலே வந்தது என்று எண்களை மட்டும் அனுப்பும். விண்டோஸ் அந்த எண்ணை வாங்கி, ஒரு செய்தியாக மாற்றி, புரோகிராமின் வாசலில் கொண்டு போய்ப் போடும். விஷுவல் பேசிக்கில் இதற்கு மூன்று நிகழ்ச்சிகள் உண்டு. விசை கீழே போனால் 'கீ டவுன்', அதிலிருந்து ஓர் எழுத்து பிறந்தால் 'கீ பிரஸ்', விரலை எடுத்தால் 'கீ அப்'. அம்புக்குறி விசைகளுக்கும் எஃப்1, எஃப்2 போன்றவற்றுக்கும் கீ பிரஸ் வராது, ஏனென்றால் அவற்றிலிருந்து எழுத்து பிறப்பதில்லை. விசையை அழுத்தியபடியே பிடித்திருந்தால் கீ டவுன் திரும்பத் திரும்ப வரும், கீ அப் ஒரே ஒருமுறைதான் வரும். கீ பிரஸ் நடக்கும்போது புரோகிராம் எழுதுபவர் நடுவில் புகுந்து, வந்த எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றலாம். பூஜ்யம் என்று போட்டால் அந்த எழுத்து காணாமலே போய்விடும். ஆக, விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கேள்வி, இந்தச் செய்தி யாருக்குப் போகும் என்பது. திரையில் பதினைந்து கட்டங்கள் இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை என்று. எந்தக் கட்டத்தில் கர்சர் கண் சிமிட்டுகிறதோ அதற்குத்தான் விசை போகும். இதை 'ஃபோகஸ்' என்பார்கள். அடிப்பவர் மனதில் எந்தக் கட்டம் இருந்தது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தபால்காரர் வரும்போது திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி.

டாஸ் காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. பாக்ஸ்புரோவில் எழுதிய புரோகிராம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கும். பெயர் என்ன? அடித்து எண்டர் தட்டினால் ஊர் என்ன? ரேஷன் கடையில் வரிசையாகப் பெயர் கூப்பிடுவது போல. விண்டோஸ் வந்ததும் நிலைமை தலைகீழானது. புரோகிராம் கேட்பதில்லை, காத்திருக்கிறது. பயனாளர் எந்தக் கட்டத்துக்கும் போகலாம், எந்தப் பொத்தானையும் அழுத்தலாம். நடுவில் புரோகிராமே ஒரு சிறு பெட்டியைத் திரையில் கொண்டு வந்து நிறுத்தி, 'சரியா, வேண்டாமா?' என்று கேட்கலாம். அந்தப் பெட்டி வந்த நொடியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பது அதுதான். தபால் எல்லாம் அதன் கைக்கே போகும்.

இந்தச் சின்ன விஷயம் ஒரு மனிதரின் வேலையையே ஆட்டிப் பார்த்ததை நான் நேரில் கண்டேன்.

2001-ஆம் வருடம். நான் அப்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்தேன். உறுப்பினர்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு சங்கத்திலிருந்து ஆள் வந்தது. பெயர் வேண்டாம். பெரிய ஊர் கம்பெனி ஒன்று அவர்களுக்கு விஷுவல் பேசிக்கில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. இரண்டு பழைய சங்கங்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். இரண்டின் பேரேடுகளையும் அந்தப் புரோகிராமில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் பதினேழு உறுப்பினர்களின் பதிவுகள் அழிந்துபோய், அந்த இடத்தில் வேறு ஆட்களின் பெயர்கள் இருந்தன. ஒரு பெரியவர் பாஸ்புக்கோடு வந்து நின்றபோதுதான் விஷயமே வெளியே வந்தது. பாஸ்புக்கில் அவர் பணம் இருக்கிறது, கம்ப்யூட்டரில் அவரே இல்லை.

பதிவுகளை ஏற்றியவர் அங்கிருந்த மூத்த டைப்பிஸ்ட் அம்மா. தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் பாஸ் செய்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஓய்வுக்கு நாலைந்து வருஷம்தான் பாக்கி. அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். 'கவனக்குறைவால் பதிவுகளை அழித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது' என்கிற வழக்கமான மெமோதான். இன்கிரிமென்டை நிறுத்துவது பற்றியும் பேச்சு இருந்தது. கம்ப்யூட்டர் படித்த பையன்கள் இரண்டு பேரை ஒப்பந்தத்தில் எடுத்தால் என்ன என்ற யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. அழிந்த பதிவுகளை மீட்க முடியுமா என்று பார்ப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏன் அழிந்தன என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஆயிற்றே!

பேரேடு அப்படியே இருந்தது, ஆகவே பதிவுகளை மறுபடி அடித்துக்கொள்ளலாம். அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் பதினேழு பேர் பட்டியலைக் கையில் வாங்கியபோது ஒன்று உறுத்தியது. அழிந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்த பெயர்கள் விசித்திரமாக இருந்தன. பேரேட்டில் 'சுடலைமுத்து' என்று இருப்பவர் கம்ப்யூட்டரில் வெறும் 'முத்து'. 'பாலகிருஷ்ணன்' வெறும் 'கிருஷ்ணன்'. 'மலையாண்டி' என்பவர் 'யாண்டி'. இன்னொருவர் பெயர் 'க்கண்ணன்'. க் என்று ஒரு தமிழ்ப் பெயர் தொடங்குமா? பேரேட்டைப் புரட்டினேன். கமலக்கண்ணன்.

"அக்கா, நீங்க அடிக்கிறதக் கொஞ்ச நேரம் பின்னால இருந்து பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பாருங்க தம்பி. எல்லாரும் மெமோவத்தான் பாக்காங்க, நான் அடிக்கிறத யாரும் பாக்கல" என்றார்.

முதல் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த விஷயம், அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. கண் பேரேட்டில். இடது பக்கம் சாய்த்து வைத்த பேரேட்டின் வரியை விட்டுப் பார்வை நகரவே இல்லை. விரல்கள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தன. இன்ஸ்டிட்யூட்டில் நம்மை அப்படித்தானே பழக்கினார்கள்? விசைகளைப் பார்த்தால் முதுகில் ஸ்கேல் விழும். அடித்த காகிதத்தை நிமிர்ந்து பார்த்தாலும் திட்டு. கண் நகலில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷம் அப்படி அடித்த கை அது.

இரண்டாவது, அவ்வப்போது மெஷின் 'டிங், டிங்' என்று சத்தம் போட்டது. அடுத்த அறையிலிருந்து செயலாளர் எட்டிப் பார்த்து, "கேட்டீங்களா சார்? தப்புத்தப்பா அடிச்சா அது கத்தத்தானே செய்யும்" என்றார். டைப்பிஸ்ட் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்தது.

பிறகு புரோகிராமைத் திறந்து பார்த்தேன். உறுப்பினர் எண்ணை அடித்து எண்டர் தட்டியதும், அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று அது சர்வரில் தேடும். இரண்டு சங்கங்களை இணைத்ததால் ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்கும். அப்படி இருந்தால் ஒரு பெட்டி வரும். 'இந்தப் பதிவு ஏற்கெனவே உள்ளது, இதன்மேல் எழுதவா?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். கீழே 'எஸ்', 'நோ' என்று இரண்டு பொத்தான்கள். இதில் 'எஸ்' பொத்தானின் மேல்தான் ஃபோகஸ் இருக்கும். எண்டர் தட்டினாலும், ஸ்பேஸ் தட்டினாலும் 'எஸ்' என்றே அர்த்தம். அதுமட்டும் இல்லை, இத்தகைய பெட்டிகளில் ஒய் என்ற ஆங்கில விசையை அழுத்தினால் 'எஸ்', என் என்ற விசையை அழுத்தினால் 'நோ'. வேறு எந்த எழுத்தை அழுத்தினாலும் 'டிங்'.

இப்போது டைப்ரைட்டிங் படித்த நண்பர்கள் கொஞ்சம் நிதானித்து, உங்கள் விரல்களைக் கேட்டுப் பாருங்கள். ஒய் விசையில் தமிழில் என்ன எழுத்து? 'ஞறநசவல' என்று மேல் வரிசை போகும். ஆறாவது விசை. ல!

அந்த அலுவலகத்தில் தமிழ் அடிக்க டைப்ரைட்டர் முறையிலான ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பல இப்படித்தான் வேலை செய்தன. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண். அதற்கு மேலே தமிழ் எழுத்தின் உருவத்தை ஒரு சட்டை மாதிரி மாட்டியிருப்பார்கள். பெயர்க் கட்டத்தில் அந்தச் சட்டை உண்டு, அங்கே அது 'ல'. கேள்வி கேட்கும் பெட்டிக்கு அந்தச் சட்டை தெரியாது, அங்கே அது ஒய். அதாவது 'ஆமாம், அழித்துவிடு'.

நடந்தது இதுதான். அக்கா எண்ணை அடித்து எண்டர் தட்டுகிறார். பழைய மெஷின், மெதுவான நெட்வொர்க். தேடி முடிக்க ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் அவர் விரல் நாலைந்து எழுத்தை அடித்து முடித்திருக்கும். அந்த விசைகள் காணாமல் போவதில்லை. விண்டோஸ் அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும். பெட்டி வந்ததும், வரிசையில் நின்றவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டியிடம் போகின்றன. 'சு', டிங். 'ட', டிங். பிறகு ஐகாரத்துக்கு உரிய முன்குறி, அதை டைப்ரைட்டரில் எழுத்துக்கு முன்னாலேயே அடிப்போம் அல்லவா? அதற்கும் டிங். அடுத்து 'ல'. ஆமாம்! பழைய பதிவு போயிற்று. பெட்டி மறைந்ததும் கர்சர் பெயர்க் கட்டத்துக்குப் போகிறது. மீதி 'முத்து' அங்கே ஒழுங்காக விழுகிறது.

பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பதினேழில் பதினொரு பெயர்களுக்குத் தலை வெட்டுப்பட்டிருந்தது. பதினொன்றிலும் வெட்டு விழுந்த இடம் 'ல' என்ற எழுத்தை அடுத்துத்தான். மீதி ஆறு பேர் பெயரில் ல-வே இல்லை. முருகன், ஆறுமுகம் மாதிரி. அங்கே முழுப்பெயரும் டிங் டிங்காகக் கரைந்து, கடைசியில் தட்டிய எண்டர் 'ஆமாம்' ஆகியிருக்கிறது. பெயர் காலியாக இருப்பதைப் புரோகிராம் சுட்டிக்காட்ட, அக்கா மறுபடி அடித்திருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. ஒரே எண் இருந்தும் தப்பித்த பதிவுகளும் உண்டு. அவற்றின் எண்ணில் அடுத்து ஏற வந்தவர்கள் பேச்சிமுத்து, செல்லம்மாள், சொக்கலிங்கம். இவர்கள் பெயரை அடிக்க ஆரம்பித்தாலே முதலில் கொம்பு. ஒற்றைக் கொம்பு இருப்பது என் விசையில், ஷிப்டோடு சேர்த்தால் இரட்டைக் கொம்பு. என் என்றால் 'நோ'. வருகிறவர் பெயர் கொம்பில் தொடங்கினால் பழைய உறுப்பினர் பிழைத்தார். ல முந்திக்கொண்டால் போனார். ஒருவருடைய சேமிப்புக் கணக்கு இன்னொருவர் பெயரின் எழுத்து வரிசையை நம்பி இருந்திருக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் செயலாளருக்குப் புரிய வைக்கவேண்டுமே. புரோகிராமில் நாலைந்து வரிகள் சேர்த்தேன். கேள்விப் பெட்டி தோன்றிய நேரத்தையும், அதற்குப் பதில் வந்த நேரத்தையும் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும்படி. பிறகு அழிந்தாலும் பாதகமில்லாத நகல் பதிவுகளை வைத்து அக்காவை ஒரு மணி நேரம் அடிக்கச் சொன்னேன். பெட்டி பலமுறை வந்தது. வந்ததற்கும் பதிலுக்கும் இடையே பெரும்பாலும் அரை விநாடிகூட இல்லை.

செயலாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "நீங்களே ஒரு பதிவு போடுங்க சார்."

அவர் ஒரு விரலால் தேடித் தேடி எண்ணை அடித்தார். எண்டர் தட்டிவிட்டு நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பெட்டி வந்தது. படித்தார். 'நோ' என்று மவுஸால் அழுத்தினார். "எனக்கு ஒழுங்காத்தான கேக்குது?" என்றார்.

"ஆமா சார். மெதுவா அடிக்கிறவங்களுக்கு இதுல ஒரு குறையும் இல்ல. வேலை தெரிஞ்சவங்களுக்குத்தான் குறை" என்றேன். பிறகு கோப்பைக் காட்டினேன். "இந்தக் கேள்விய அரை விநாடியில நீங்க படிச்சிருவீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. பதினொரு பெயர்களின் பட்டியலையும், அதில் நான் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்த 'ல'-க்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் டைப்ரைட்டர் காலத்து ஆள்தான். தப்பாக விழுந்தால் அடித்தவர்தான் காரணம் என்பது அந்தக் காலத்து நியாயம். அந்த மெஷினுக்கு அது சரியான நியாயமும்கூட. நடுவில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தது அவருக்குத் தெரியாது.

டைப்பிஸ்ட் அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தார். 'க்கண்ணன்' என்ற இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன் தம்பி, எந்த விரல் தப்பிச்சுன்னு" என்றார். மெமோவின் மேல் 'நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். யாரும் வாய்விட்டு வருத்தம் தெரிவிக்கவில்லை. அலுவலகங்களில் அந்த ஒரு வரியே பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

புரோகிராமை மாற்றும் வேலையை எங்களிடமே கொடுத்தார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலு காரியம் செய்தேன்.

முதலாவது, தட்டச்சு நடக்கும் நேரத்தில் எந்தப் பெட்டியும் குறுக்கே வரக்கூடாது. ஒரே எண் இருந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும், கர்சர் அங்கேயே நிற்கும். அது எண்களுக்கான கட்டம் என்பதால், எழுத்து எது வந்தாலும் கீ பிரஸ்ஸில் பூஜ்யமாக்கி ஒரு சத்தம் கொடுக்கும்படி செய்தேன். திரையைப் பார்க்காதவருக்குக் காதுதானே கண்? பெயரை அடிக்க ஆரம்பித்த மறுநொடி நாலைந்து சத்தம் கேட்டால் அவரே நிமிர்ந்துவிடுவார். இதில் போவது நாலு எழுத்து மட்டும், அதைத் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பழைய பதிவின்மேல் எழுதும் வசதியை அந்தத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். வேண்டுமானால் அதற்கென்று தனித் திரை, தனிக் கடவுச்சொல். அழிப்பது என்பது போகிற போக்கில் தட்டும் விசையில் இருக்கக்கூடாது.

மூன்றாவது, எண்டர் தட்டினால் எல்லாக் கட்டங்களிலும் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி செய்தேன். விண்டோஸில் அதற்கு டேப் விசைதான் வழக்கம். ஆனால் டாஸ் காலத்திலிருந்து எண்டரில் பழகிய கையை எதற்கு மாற்றவேண்டும்? படிவத்துக்கு 'கீ பிரிவியூ' என்று ஒரு குணம் உண்டு. அதை இயக்கிவிட்டால், விசைகள் கட்டங்களுக்குப் போகுமுன் படிவத்தின் கைக்கு வரும். பதின்மூன்று என்ற எண் வந்தால் அது எண்டர். அதை விழுங்கிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினால் முடிந்தது.

நாலாவது, பதிவைச் சேமிக்க எஃப்2. விசையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கீ டவுன் திரும்பத் திரும்ப வரும் என்று சொன்னேன் அல்லவா? டைப்ரைட்டரில் பழகிய கை அழுத்தமானது. அதனால் ஒருமுறை சேமித்தபின், கீ அப் வரும்வரை அடுத்த எஃப்2-வைக் கணக்கில் எடுக்காதபடி எழுதினேன்.

அந்த அம்மா மீதிப் பேரேடு முழுவதையும் அதே வேகத்தில் ஏற்றி முடித்தார். ஒப்பந்தப் பையன்கள் வரவில்லை. நாலு வருஷம் கழித்து முழு மரியாதையோடு ஓய்வுபெற்றார். பிரிவு உபசார விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மேடையில் புரோகிராம் பற்றி யாரும் பேசவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. நன்றாக எழுதிய கீபோர்டு வேலை என்பது யாருக்கும் நினைவு வராத வேலைதான்.

இது நம் ஊர் சங்கத்துக்கு மட்டும் வந்த வினை இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 2004-இல் ஜெஸ்ஸி ரூடர்மன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதே ஓட்டையை இணைய உலாவிகளில் சுட்டிக்காட்டினார். ஒரு வலைப்பக்கம் உங்களை 'ஒன்லி' என்ற ஆங்கிலச் சொல்லை அடிக்கச் சொல்கிறது என்று வையுங்கள். அதன் கடைசி எழுத்து ஒய். நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே 'இந்த மென்பொருளை நிறுவவா?' என்ற பெட்டியை அந்தப் பக்கம் கொண்டு வந்தால், உங்கள் ஒய் அதற்குப் போய் 'எஸ்' ஆகிவிடும். பயர்பாக்ஸில் நிறுவும் பொத்தான் சில விநாடிகள் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருந்து, பிறகுதான் உயிர் பெற்றது இதனால்தான். நம்மைக் காக்க வைக்கிறதே என்று எரிச்சல் படுவோம். நாம் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று கொடுத்த அவகாசம் அது.

விண்டோஸிலும், பின்னணியில் ஓடும் வேறு ஒரு புரோகிராம் திடீரென்று முன்னால் குதித்து உங்கள் விசைகளைப் பறிப்பதை விண்டோஸ் 98, 2000 காலத்திலிருந்தே கட்டுப்படுத்திவிட்டார்கள். அது கீழே உள்ள பட்டையில் விளக்கு மாதிரி மின்னி மின்னிக் கூப்பிடும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் புரோகிராமே ஒரு பெட்டியைக் கொண்டு வந்து நிறுத்தினால் அதைத் தடுக்க யாரும் இல்லை. அதை எழுதியவருக்கு அந்த நினைப்பு இருந்தால்தான் உண்டு.

இப்போது யூனிகோடு வந்து, சட்டை மாட்டிய எழுத்துருக்கள் பெரும்பாலும் போய்விட்டன. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை விசையை வழியிலேயே தமிழ் எழுத்தாக மாற்றித் தருகின்றன. அதனால் ல என்று அடித்தால் பெட்டிக்கும் ல-தான் போகும், ஒய் போகாது. ஆனால் எண்டர் இன்றும் எண்டர்தான், ஸ்பேஸ் இன்றும் ஸ்பேஸ்தான். ஆகவே ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை.

நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது பேத்தி வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் தமிழ் அடிக்கிறீர்கள் என்று தெரியும். 'என்னமோ அழிஞ்சு போச்சு, நான் ஒண்ணும் பண்ணலியே' என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள் என்றும் தெரியும். நீங்கள் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். வேகமாக அடிக்கும் கை உங்களுடையது. நடுவில் வந்த பெட்டி உங்கள் எழுத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் 'டிங்' என்று சத்தம் கேட்டால், கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து திரையைப் பாருங்கள். ஏதாவது பெட்டி நின்றால் முழுதாகப் படியுங்கள். புரியாவிட்டால் எண்டரைத் தொடாதீர்கள், எஸ்கேப்பை அழுத்துங்கள். அது பெரும்பாலும் 'வேண்டாம்' என்று பொருள்படும். சில பெட்டிகளில் ஒன்றுமே செய்யாது, அதனால் கெடுதலும் இல்லை. அதன்பிறகு பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.